வளவுச் சுவரில் நீண்ட வாக்கியம்

என் ஆங்கில வகுப்பில் ரத்தம் சிந்தியது என்று ஊரில் பேசுகிறார்கள். சிந்தியது உண்மை. ஆனால் அதை நான்தான் மூட்டிவிட்டேன் என்றும், பங்காளித் தகராறுக்குப் படிக்க வந்தவர்களைப் பயன்படுத்திக்கொண்டேன் என்றும் அதோடு சேர்த்துச் சொல்கிறார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவன் நான். என் வகுப்பைத் தாழ்த்திப் பேச எவருக்கும் இடம் கொடுத்ததில்லை. இனியும் கொடுப்பதாக இல்லை. ஆகவே நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். சம்பந்தப்பட்டவர்களுக்குத் தங்களை அடையாளம் தெரியும்.

ஓய்வு பெற்ற பிறகு, மாலை நேரத்தில், காரைக்குடியிலுள்ள எங்கள் பூர்வீக வீட்டில் பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்பு நடத்தி வருகிறேன். அந்த வீடு ஒருவருக்குச் சொந்தமானதன்று. பங்காளிகள் அனைவருக்கும் அதில் பங்கு உண்டு. அவரவர் அறைக்கு அவரவர் சாவி. பெரும்பாலோர் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். திருமணத்துக்கும் சாவுக்கும் வந்து திறப்பார்கள், பூட்டிக்கொண்டு போவார்கள். உள்ளூரில் இருக்கும் மூத்தவன் என்பதால் வாசற்சாவி என்னிடம். நடுமுற்றத்தை நாங்கள் வளவு என்போம். அதைச் சுற்றித் தூண்கள் நிற்கும் நடையில் வெள்ளைப் பலகையை மாட்டி, பாய் விரித்து வகுப்பை நடத்தினேன். பாடம் கேட்க வந்தவர்களில் மூவரை மட்டும் இங்கே சொன்னால் போதும்.

ஒருவர் கண்டரமாணிக்கத்திலிருந்து வரும் கார் ஓட்டுநர். பழைய வீடுகளைப் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களை ஏற்றிச் செல்பவர். இன்னொருவர் ஒரு முஸ்லிம் பெண்மணி. கணவர் இங்கிலாந்தில் உணவகமொன்றில் வேலை பார்க்கிறார், அவரிடம் போய்ச் சேர வேண்டுமானால் ஆங்கிலத் தேர்வில் தேற வேண்டும். மூன்றாமவர் வலையபட்டியைச் சேர்ந்த தச்சர். வெளிநாட்டுக் கட்டுமான நிறுவனம் ஒன்று மரவேலை மேற்பார்வையாளர் பணிக்கு அவரைத் தெரிவு செய்திருந்தது. மிச்சமிருந்தது நேர்காணல் ஒன்றுதான். கணினி வழியாக, முழுவதும் ஆங்கிலத்தில், வரப்போகும் வியாழக்கிழமையன்று. அந்த வேலைக்கு வயது வரம்பு இருந்தது. அடுத்த ஆண்டு அவர் அதைக் கடந்துவிடுவார். எனவே அவருக்கு இரண்டாவது வியாழக்கிழமை கிடையாது. இதை வகுப்பில் எல்லோரும் அறிவார்கள். கேள்வியைக் காதில் வாங்கி, உடனே முழு வாக்கியத்தில் பதில் சொல்ல அவருக்கு வர வேண்டும் என்பதற்காகவே அந்த வாரப் பாடத்தை அமைத்திருந்தேன்.

பாடம் இதுதான். ஒரு பெயரைச் சொல்லிவிட்டு, அந்தப் பெயருக்குரியவரைப் பற்றிய செய்தியை 'ஹூ', 'விச்' போன்ற சொற்களால் அதோடு தொடுப்பது. தமிழில் நாம் செய்தியை முதலில் சொல்லி ஆளைக் கடைசியில் நிறுத்துவோம்: நேற்று என்னைத் திட்டிய கடைக்காரர். ஆங்கிலத்தில் கடைக்காரரை முதலில் கொண்டுவந்து நிறுத்திவிட வேண்டும். அவர் செய்தது பின்னால் வரும். "முதலில் ஆளை நிறுத்துங்கள், அப்புறம் குற்றப்பத்திரிகையை வாசியுங்கள்" என்று சொல்லிக்கொடுத்தேன். அப்படிச் சொன்னதாலோ என்னவோ, அவர்கள் அமைத்த வாக்கியங்கள் எல்லாம் குற்றப்பத்திரிகையாகவே வந்தன.

ஓட்டுநர் எழுந்து, தன் மாமனின் வயிற்றைக் கிழித்த மாடு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னார். மஞ்சுவிரட்டில் நடந்தது. வாக்கியம் பிழையில்லை.

"மாமா இருக்காரா?" என்று கேட்டார் தச்சர்.

"அவரும் இருக்காரு. மாடுதான் நல்லா இருக்கு."

அந்தப் பெண்மணி, பள்ளியில் தன்னைப் பிரம்பால் அடித்த ஆசிரியை காலமானபோது தான் போகவில்லை என்று எழுதிக்காட்டினார். தச்சர் தம் இடது கையைத் தூக்கி, இயந்திரம் தின்ற விரல் இதுதான் என்றார். நுனி இல்லாத ஆள்காட்டி விரல். ஒருவரை அடையாளம் சொல்லுங்கள் என்றால், அவர் யாரை அடித்தார் அல்லது யாரிடம் அடி வாங்கினார் என்பதைத்தான் நம் மக்கள் முதலில் நினைக்கிறார்கள். நல்லதாக ஏதாவது சொல்லுங்கள் என்றேன்.

"நல்லதுக்கு ஹூ வேணாம் சார், அது தனியாவே நிக்கும்" என்றார் ஓட்டுநர். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த நாட்களில் பக்கத்து வீட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டுப் பங்காளிகள் ஒரு வழியாக ஒத்துப்போய், கதவு, தூண், உத்தரம் எல்லாவற்றையும் பழம்பொருள் கடைகளுக்கு விற்றுவிட்டார்கள். பாடம் நடக்கும்போதே கடப்பாரை இறங்கும் சத்தம் சுவரைத் தாண்டி வரும். தேக்குத் தூணைச் சாய்க்கும்போது முதலில் ஒரு முனகல், பிறகு தரை அதிரும். ஒவ்வொரு அதிர்வுக்கும் தச்சர் பேச்சை நிறுத்திவிடுவார். "ஐயா, இப்ப விழுந்தது எங்க தாத்தா கை வச்ச தூணு" என்று ஒருநாள் சொன்னார். நான் பாடத்தைத் தொடர்ந்தேன். வகுப்பில் இரங்கல் கூட்டம் நடத்துவது என் வழக்கமன்று.

அடுத்தது எங்கள் வீடுதான் என்று ஊரில் பேச்சு இருந்தது. அதற்குக் காரணம் என் சிற்றப்பா மகன். வெளிநாட்டில் இருப்பவர், வசதி உள்ளவர். மகனுடைய திருமணத்தை இந்த வீட்டில் வைத்துக்கொண்டு, அது முடிந்த பிறகு வீட்டையே பிரித்துவிட அவர் எண்ணியிருந்தார். பங்காளிகளில் பலர் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. திருமண ஏற்பாடுகளுக்காக அவர் அந்த வாரம் ஊருக்கு வந்திருந்தார்.

சம்பவம் நடந்த அன்று ஒரு பயிற்சி வைத்தேன். ஒரே வாக்கியம், ஒருவர் தொடங்க வேண்டும், அடுத்தவர் அதோடு ஒரு தொடரைச் சேர்க்க வேண்டும், முற்றுப்புள்ளி வைக்காமல் நீட்டிக்கொண்டே போக வேண்டும். 'இது ஒரு வீடு' என்று நான் பலகையில் தொடங்கிவைத்தேன். ஓட்டுநர் வந்து, திறக்க ஆளில்லாத கதவுகளைக் கொண்டது என்று சேர்த்தார். பெண்மணி வந்து, அந்தக் கதவுகள் கல்யாணத்துக்கு மட்டும் எண்ணெய் குடிப்பவை என்று சேர்த்தார். கைதட்டினார்கள். பலகை நிறைந்துவிட்டது. தச்சரின் முறை வந்தபோது எழுத இடம் இல்லை.

எங்கள் வீட்டு உட்சுவர்கள் முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் கலந்து பூசப்பட்டவை. இத்தனை தலைமுறைக்குப் பிறகும் கையை வைத்தால் கண்ணாடிபோல் வழுக்கும். பலகைக்கும் சுவருக்கும் பளபளப்பில் வேறுபாடு தெரியாது. தச்சர் எழுதுகோலைப் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சுவத்துல எழுதலாமாய்யா? ஈரத்துணி வச்சுத் தொடச்சா போயிரும்."

"எழுதுங்கள். வாக்கியம் முடியும்வரை நிறுத்தக் கூடாது" என்றேன். அந்தச் சுவரில் எனக்கும் பங்கு உண்டு.

அவர் எழுதினார். ஒவ்வொரு சொல்லையும் நிதானமாக, பெரிய எழுத்தில், பலகையின் விளிம்பிலிருந்து அடுத்த தூண்வரை. எழுதி முடித்துவிட்டுப் படித்தும் காட்டினார். அந்தக் கதவுகளைச் செய்தவர்களின் பேரன் இங்கே உட்கார்ந்திருக்கும்போதே, இந்த வீட்டில் ஓர் இரவுகூடத் தூங்காத ஒருவர், கல்யாணம் முடிந்ததும் உடைக்கப்போகிற வீடு இது. ஆங்கிலத்தில் அது ஒரே மூச்சில் ஓடியது. மூன்று தொடர்கள், ஒன்றுக்குள் ஒன்று, எதுவும் இடறவில்லை. அவர் அதுவரை எழுதியவற்றில் மிகச் சிறந்தது அதுதான். அதை நான் சொல்வதற்குள் நடை வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

என் சிற்றப்பா மகன் நின்றுகொண்டிருந்தார். கூடவே பக்கத்து வீட்டைப் பிரிக்கும் ஒப்பந்தக்காரர். எங்கள் வீட்டை அளந்து பார்க்க அழைத்து வந்திருக்கிறார். எவ்வளவு நேரமாக நின்றார்கள் என்று தெரியவில்லை. என் சிற்றப்பா மகனுக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும்.

அவர் சுவருக்கு அருகில் போய் வாக்கியத்தை முழுவதும் படித்தார். விரலில் எச்சில் தொட்டு ஓர் எழுத்தைத் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை. வழுவழுப்பாக இருந்தாலும் சுண்ணாம்பு சுண்ணாம்புதான். மை உள்ளே இறங்கிவிட்டிருந்தது.

"யாரு எழுதுனது?"

"எழுதச் சொன்னது நான், தம்பி" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. அவருடைய கை வந்திருக்க வேண்டிய இடம் என் முகம்.

"ஒங்கள நான் என்னண்ணே சொல்ல முடியும்? நீங்க பெரியவுக" என்றார். அப்படிச் சொல்லிக்கொண்டே திரும்பி, கையில் எழுதுகோலோடு நின்ற தச்சரைக் காதோடு சேர்த்து அறைந்தார்.

நான் பிரம்பு புழங்கிய பள்ளிக்கூடத்தில் படித்தவன். அடிபடும் சத்தம் எனக்குப் புதிதல்ல. இது வேறு சத்தம். உள்ளங்கை குழிந்து காதை மூடி விழுந்த அடி. பானை உடைவதுபோல் இருந்தது. தச்சர் விழவில்லை. ஒரு கணம் தலையைச் சாய்த்து, எங்கோ யாரோ கூப்பிட்டதை உற்றுக் கேட்பவரைப்போல் நின்றார். பிறகு அவருடைய இடக்காதிலிருந்து மெல்லிய சிவப்புக் கோடு கழுத்துக்கு இறங்கியது.

"எங்க வீட்டப் பத்தி எழுத ஒனக்கு என்னடா இருக்கு? கதவு செஞ்சா கூலி வாங்கிட்டுப் போயிட்டீகள்ல?" என்றார் என் சிற்றப்பா மகன்.

தச்சர் எழுதுகோலைக் கவனமாகப் பலகையின் விளிம்பில் வைத்தார். பிறகு அடித்த கையின் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். மரம் இழைத்த கை அது. என் சிற்றப்பா மகன் முழங்கால் மடங்கித் தரைக்கு வந்துவிட்டார். ஒப்பந்தக்காரர் கூச்சலிட, பக்கத்து வீட்டிலிருந்து அவருடைய ஆட்கள் ஓடி வந்தார்கள். ஒருவன் கையில் கடப்பாரை.

அதற்குப் பின் நடந்ததை ஒழுங்காகச் சொல்வது கடினம், முயல்கிறேன். ஓட்டுநர் குறுக்கே பாய்ந்தார். அவரைத் தூக்கித் தூணில் மோதினார்கள். புருவம் பிளந்து முகமெல்லாம் ரத்தம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மோதியவனின் தோளைக் கடித்தார். அந்தப் பெண்மணி, பிள்ளைகளுக்காக வாங்கி வைத்திருந்த குழம்புத் தூக்கை வீசி ஒருவனின் மூக்கில் அடித்தார். மூடி கழன்று குழம்பு சுவரெல்லாம் தெறித்தது. "கிட்ட வந்தீன்னா கண்ணத் தோண்டிருவேன்" என்று அவர் அமைதியான குரலில் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தச்சர் இன்னும் அந்த மணிக்கட்டை விடவில்லை. கடப்பாரைக்காரன் பின்னாலிருந்து அவருடைய தலைக்குக் குறி வைத்து ஓங்கினான்.

என் கைத்தடி பூவரச மரம். அடியில் பித்தளைப் பூண் போட்டது. அவனுடைய முழங்கைக்குக் கீழே, எலும்பின் மேல், இரு கையாலும் போட்டேன். எழுபதைக் கடந்தவன் அடித்த அடி என்று அவன் பிற்பாடு எவரிடமும் சொல்லியிருக்க மாட்டான். கடப்பாரை நழுவித் தரையில் விழுந்தது. பூவேலை செய்த ஆத்தங்குடித் தரைக்கல் ஒன்று நடுவில் குழிந்து நான்காகப் பிளந்தது.

அந்தச் சத்தத்தில் எல்லோரும் நின்றுவிட்டார்கள். என் சிற்றப்பா மகன் தரையில் இருந்தபடியே முதலில் பார்த்தது உடைந்த கல்லை. "கல்யாணத்துக்கு இப்ப இந்தக் கல்லுக்கு நான் எங்குட்டுப் போவேன்" என்றார்.

மருத்துவமனையில் ஓட்டுநரின் புருவத்தில் தையல் போட்டார்கள். தச்சரின் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்த மருத்துவர், செவிப்பறை கிழிந்திருக்கிறது என்றார். தண்ணீர் படக்கூடாது, சளி சிந்தக்கூடாது, தானாக மூடிக்கொண்டால் நல்லது, இல்லாவிட்டால் அறுவை சிகிச்சை.

"வியாழக்கெழமைக்குள்ள மூடிக்கிருமா டாக்டர்?" என்று கேட்டார் தச்சர். அவரே அறியாமல் மிக உரக்கக் கேட்டார். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மருத்துவர் மருந்துச் சீட்டை எழுதத் தொடங்கினார்.

அங்கிருந்து நேரே காவல் நிலையத்துக்குப் போனோம். புகாரைத் தச்சர் கொடுத்தார். கண்ணால் கண்டவனாக நான் வாக்குமூலம் கொடுத்தேன். உதவி ஆய்வாளர் என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

"ஐயா, யோசிச்சுக்கங்க. ஒங்க சொந்தத் தம்பி மேலயா?"

"சிற்றப்பா மகன். எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன்.

கடப்பாரைக்காரனை நான் அடித்ததையும் எழுதச் சொன்னேன். அது தேவையில்லை என்றார். தேவை என்றேன். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ரசீது கொடுத்தார்கள். இரு தரப்பும் பேசிப் பாருங்கள், ஒத்துவராவிட்டால் வழக்காகப் பதிவு செய்கிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அன்று இரவிலிருந்தே தொலைபேசி ஓயவில்லை. சென்னையிலிருந்து, மலேசியாவிலிருந்து, வாழ்க்கையில் என்னோடு பேசியிராத உறவுகளெல்லாம் அழைத்தார்கள். குடும்பத்துக்குள் முடிக்க வேண்டியதை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டேனாம். அடிபட்டவர் குடும்பத்துக்கு வெளியே இருப்பவர் என்பதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்க வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை நேர்காணல் என் வீட்டில், என் கணினியில் நடந்தது. தச்சர் சலவைச் சட்டை போட்டு, இடக்காதில் பஞ்சோடு வந்து உட்கார்ந்தார். வலக்காதை ஒலிபெருக்கியின் பக்கம் சாய்த்துக்கொண்டதால், திரையில் தெரிந்தவர்களுக்கு அவர் முகம் பாதிதான் தெரிந்திருக்கும். காதுக்குள் ஓயாமல் வண்டு பறப்பதுபோல் இருக்கிறது என்று முன்பே சொல்லியிருந்தார். நான் அறைக்கு வெளியே நின்றேன். முதல் கேள்வியை மறுபடி சொல்லச் சொன்னார். இரண்டாவதையும் அப்படியே. மூன்றாவது கேள்விக்கு, அடிபட்ட காது, மன்னிக்க வேண்டும், மெதுவாகக் கேளுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அதன் பிறகு நடந்ததை நான் பெருமையாகச் சொல்வேன். தாம் கற்ற தொழில், தம்மிடம் வேலை பார்த்தவர்கள், இழைத்த மரங்கள், எல்லாவற்றையும் முழு முழு வாக்கியங்களாக, தொடர் மேல் தொடராக அடுக்கிச் சொன்னார். வெளியே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அன்று மாலையே தேறிவிட்டதாகச் செய்தி வந்தது.

அதற்கடுத்த வாரம் மருத்துவப் பரிசோதனைக்குத் திருச்சிக்கு அழைத்தார்கள். காதில் கருவியை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்லியிருக்கிறார்கள். இடப்பக்கம் அவர் ஒருமுறைகூட அழுத்தவில்லை. இயந்திரங்களும் பாரந்தூக்கிகளும் ஓடும் இடத்தில் ஒரு காது கேளாதவரை மேற்பார்வைக்கு வைக்க முடியாது என்று நிறுவனம் சொல்லிவிட்டது. அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். காது ஆறிய பிறகு வரட்டுமா என்று கேட்டதற்கு, அதற்குள் வயது வரம்பைத் தாண்டிவிடுவீர்கள் என்றார்களாம்.

திருச்சியிலிருந்து திரும்பிய அன்றே அவர் வகுப்புக்கு வந்தார். வேலை கைவிட்டுப் போனதை ஓட்டுநர்தான் என்னிடம் வந்து சொன்னார். அன்றைய பாடத்தை நான் ஒரு சொல் குறையாமல் நடத்தினேன்.

இதற்கிடையில் என் சிற்றப்பா மகனுக்கு அவசரம் வந்துவிட்டது. மகன் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. வழக்குப் பதிவானால் கல்யாணம் முடிந்ததும் அவர் வெளிநாடு திரும்புவதற்குத் தடை வரக்கூடும் என்று அவருடைய வக்கீல் சொல்லியிருந்தார். எனவே பேச்சுவார்த்தைக்கு ஏற்பாடு செய்தார்கள். இடம், எங்கள் வீட்டு வளவு. எங்கள் வகையில் மூத்தவர் ஒருவர் தேவகோட்டையிலிருந்து வந்திருந்தார். என் சிற்றப்பா மகனும் அவர் மனைவியும் ஒரு பக்கம். தச்சரும் துணைக்கு ஓட்டுநரும் எதிர்ப்பக்கம். என்னை எந்தப் பக்கத்தில் உட்கார வைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நானே ஒரு நாற்காலியைச் சுவரோரம் போட்டு உட்கார்ந்துகொண்டேன். சுவரில் அந்த வாக்கியத்தைச் சுரண்டிப் பார்த்திருந்தார்கள், பூச்சுதான் பெயர்ந்திருந்தது.

"நடந்தது நடந்துபோச்சு. வைத்தியத்துக்கு ஆகிறத அவுக பாத்துக்கிருவாக. மேக்கொண்டு ஒனக்கு என்ன வேணும், சொல்லுப்பா" என்றார் மூத்தவர்.

தச்சர் வலக்காதை அவர் பக்கம் திருப்பி, முழுவதும் கேட்டார்.

"வைத்தியத்துக்கு நான் பாத்துக்கிறேன்."

"பெறகு?"

"அவுக அடிச்சாக. நான் திருப்பி ஒண்ணு அடிக்கணும். அம்புட்டுத்தான். அடிச்சிட்டுக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருறேன்."

மூத்தவர் முதலில் சிரித்தார், விளையாட்டு என்று நினைத்து. பிறகு தச்சரின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

"என்னடா பேசுற? நம்ம வளவுக்குள்ள வந்து நின்னுக்கிட்டு, எங்காளு மேல கை வைக்கணும்கிற?"

"இந்த வளவுக்குள்ளதாங்க நானும் வாங்குனேன்."

"மன்னிப்புக் கேக்கச் சொல்றேன். எல்லாத்துக்கும் முன்னால கேப்பாரு."

"மன்னிப்பெல்லாம் வேணாங்க. அது ஒங்க வாயில இருக்கும். எனக்குக் காதுல விழுகாது."

மூத்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ படிச்சவன். ஒன் வகுப்பு ஆளு. நீ சொல்லு அவன்கிட்ட. ஊரு காறித் துப்பும்."

இந்த இடத்தில் நான் என்ன சொன்னேன் என்பதைத்தான் ஊரில் பலவிதமாகச் சொல்கிறார்கள். நான் சொன்னது இவ்வளவே: "அவருக்கு ஒரு வேலை போயிற்று. அதைத் திருப்பித் தர நம்மிடம் வழியில்லை. வழியுள்ள ஒன்றைத்தான் அவர் கேட்கிறார். கேட்பதில் தவறில்லை." நான் தூண்டவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன். அதே கேள்வியை இன்று கேட்டாலும் பதில் அதுதான்.

"அண்ணே" என்றார் என் சிற்றப்பா மகன். அவர் குரலில் முதல்முறையாகச் சிறுவயதுத் தொனி தெரிந்தது. "எங்கள விட்டுக் குடுக்குறீகளா?"

"அன்றைக்கு அந்தக் கை என் மேல் வந்திருந்தால், இன்றைக்கு நீ என்னிடம் மட்டும் பேசிக்கொண்டிருப்பாய்" என்றேன்.

அவர் முகம் சிவந்து எழுந்தார். வழக்கு நடக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஸ்டேஷனை விலைக்கு வாங்குவேன் என்றார். ஓட்டுநர் சட்டைக் கையை மடித்தார். இன்னொரு முறை அந்த நடையில் ரத்தம் விழும் என்றே நினைத்துக் கைத்தடியைப் பிடித்துக்கொண்டேன். அப்போது அதுவரை வாய் திறக்காமல் இருந்த அவர் மனைவி, உட்கார்ந்த இடத்திலிருந்து அசையாமல் சொன்னார்.

"பிள்ள கல்யாணம். வாங்கிக்கிடுங்க."

"என்ன பேசுற நீ?"

"ஊரு கூடி நிக்கயில போலீசு வந்து கூப்பிடுறதுக்கு, இங்குன நாலு பேரு முன்னால வாங்குறது தேவல. கதவச் சாத்துங்க. வாங்கிக்கிட்டு வாங்க, சாப்பாட்டுக்கு நேரமாச்சு."

கதவைச் சாத்தியது மூத்தவர்தான். சாத்திவிட்டு எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

தச்சர் எழுந்து போனார். என் சிற்றப்பா மகன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தார். கண்ணை மூடவில்லை, அதை அவருடைய சிறப்பாகவே சொல்ல வேண்டும். தச்சர் அளவெடுப்பவரைப்போல் ஒரு கணம் பார்த்தார். பிறகு அடித்தார். வேகமாகவுமில்லை, தயங்கியுமில்லை. அதே இடக்காது, அதே குழிந்த உள்ளங்கை. என் சிற்றப்பா மகன் பக்கவாட்டில் சரிந்து தூணைப் பிடித்துக்கொண்டார். மனைவி எழுந்து போய்க் கண்ணாடியை அவர் கையில் கொடுத்தார்.

"முடிஞ்சுதா?" என்றார் மூத்தவர், திரும்பாமலே.

"முடிஞ்சுது" என்றார் தச்சர். புகாரைத் திரும்பப் பெறும் காகிதத்தைத் தூணில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். என்னிடம் வந்து, "வர்றேன்யா. நாளைக்கு வகுப்பு உண்டுல்ல?" என்று கேட்டார். உண்டு என்றேன்.

நாற்காலியை விட்டு நான் எழுந்திருக்க வேண்டும், குறுக்கே போயிருக்க வேண்டும் என்று இப்போது சொல்கிறவர்கள், முதல் அடி விழுந்தபோது எங்கே இருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு எனக்கு அழைப்பு வந்தது. போனேன், மொய் எழுதினேன், மரியாதையோடு நடத்தினார்கள். வீட்டைப் பிரிப்பதற்கு நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

பேச்சுவார்த்தை நடந்த அன்று தச்சரும் ஓட்டுநரும் கிளம்பியபோது வாசல்வரை போனேன். வெயில் தெருவில் அப்படியே நின்றது. ஓட்டுநர் தச்சரின் இடப்பக்கமாக நடந்தபடி, "என்ன ஆசாரியாரே, நெஞ்சு ஆறுச்சா?" என்று கேட்டது எனக்குக்கூடக் கேட்டது. தச்சர் பதில் சொல்லாமல் நடந்தார். ஓட்டுநர் மறுபடி கேட்டார். அப்போதும் பதில் இல்லை. கோபம் என்று நினைத்திருப்பார்போல, சில அடி பேசாமல் போனார். பிறகு அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். தச்சருக்குப் பின்னால் சுற்றி வந்து, வலப்பக்கம் சேர்ந்துகொண்டு, அதையே மூன்றாம் முறையாகக் கேட்டார்.